கால்வாய்ப் பக்கத்துச் சூரியன்

கார்த்திகை மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கொழும்பில் கால்வாய்க்கும் வீதிக்கும் நடுவே நீட்டிப் படுத்திருந்த அந்தப் பழைய தொடர்மாடிக்கு மட்டும் சூரியன் கால்வாய்ப் பக்கத்தால் உதித்தது. அதுவரை காலமும் அது பள்ளிக்கூடச் சுவர் இருந்த கிழக்கு முனையால் வந்து, கடைகள் இருந்த மேற்கு முனையால் போய்க்கொண்டிருந்தது. வடக்கே கால்வாயைப் பார்த்திருந்த வீடுகளுக்கு வெயில் என்பது பக்கத்துத் தெருக் கலியாணம் மாதிரி, சத்தம் கேட்கும், சோறு வராது. அன்றைக்கு அது பாசி மிதந்த தண்ணீருக்கு மேலால் எழும்பி, நிலத்தளத்தில் ஜெசிந்தாவின் குசினி யன்னலால் உள்ளே வந்து, அரிசிப் பானையில் கொஞ்சம், சுவரின் கறுத்த பூஞ்சணத்தில் கொஞ்சம் என்று சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். பார்த்த கையோடு உள்கொடியில் கிடந்த ஈர உடுப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் யன்னல் கம்பிகளில் விரித்தாள். அதற்குப் பிறகுதான் இது என்ன புதினம் என்று யோசிக்கத் தொடங்கினாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அந்த யோசனையையும் பாதியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள்.

அவளுடைய வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்த நிரோஜினிக்குத்தான் காரணம் விளங்கியது. விளங்கியபோது அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. முகத்தில் விழுந்த வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு, “வடக்கு,” என்று மெல்லச் சொன்னாள்.

பருத்தித்துறையிலிருந்து கட்டடக்கலை படிக்க வந்த பிள்ளை அவள், வந்தபோது பிள்ளை. இப்போது தலையில் இரண்டொரு நரை தெரிந்தது. முதற்பட்டம் முடித்து, ஒரு பெரிய கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பகலில் அவருக்கு வரைந்து, மிச்ச நேரத்தில் முதுமாணிப் படிப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். அந்த முதுமாணி முடிந்தால்தான் தொழிற்பரீட்சை, அந்தப் பரீட்சை முடிந்தால்தான் கட்டடக்கலைஞர் என்ற பெயர். அதுவரை அவள் கீறிய மாடிப்படிகளில் ஊர் ஏறி இறங்கினாலும், அவள் திறந்துவிட்ட யன்னல்களால் ஊருக்குக் காற்று வந்தாலும், தாளின் மூலையில் கையொப்பம் வேறொருவருடையதுதான். வாடிக்கையாளர் வந்தால் அவள் எழும்பிக் கதிரையைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்பாள். கட்டடத்தில் குறை என்றாலும் அவளிடம் ஒருவரும் சொல்வதில்லை, அவளைத் தாண்டிப் பெரியவரிடம்தான் சொல்வார்கள். இறுதிச் செயற்றிட்டத்தில் இரண்டு தடவை அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு தடவை உங்கள் வடிவமைப்பில் துணிச்சல் இல்லை என்றார்கள், அடுத்த தடவை துணிச்சல் கூடிவிட்டது என்றார்கள். இது மூன்றாவது, விதிப்படி இதற்கு மேல் இல்லை. அம்மா தொலைபேசியில் இப்போதெல்லாம் எப்ப முடியும் என்று கேட்பதில்லை, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

இந்தத் தடவை அவள் தான் குடியிருந்த தொடர்மாடியையே எடுத்துக்கொண்டாள். அதை இடிக்காமல் எப்படித் திருத்தலாம் என்பது செயற்றிட்டம். படி படியாக அளந்து, வீடு வீடாகப் போய்க் கதவு தட்டி, ஆர் எங்கே சமைக்கிறார்கள், ஆர் எங்கே உடுப்புக் காயப் போடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டு வரைந்தாள். முதல் மதிப்பீட்டுக்குத் தாள் கொடுக்கும் நாளில் பார்த்தால் தாள் நெடுக்காகவும் கட்டடம் குறுக்காகவும் இருந்தது. களைத்துப்போனவர்கள் செய்வதையே அவளும் செய்தாள், கட்டடத்தைக் கால்வட்டம் திருப்பித் தாளுக்குள் அடக்கினாள். கட்டடம் திரும்பியது, மேலே பார்த்துக்கொண்டிருந்த வடக்கு அம்புக்குறி மட்டும் திரும்பாமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றது. கட்டடக்கலை படிக்கிறவர்களில் இந்தப் பிழையை ஒரு தடவையாவது விடாதவர்கள் குறைவு. அந்தத் தாளின்படி கால்வாய் கிழக்கானது, வீதி மேற்கானது. அவளும் அம்புக்குறியை நம்பி, வெயில் வரும் வழி இது, போகும் வழி இது என்று புள்ளிக்கோடு போட்டு, கீழே தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தாள். திங்கட்கிழமை கொடுத்த தாளுக்குச் செவ்வாய்க்கிழமை காலையே சூரியன் கட்டுப்பட்டது.

அந்தத் தொடர்மாடியின் கேற்றுக்கு வெளியே ஒன்றும் மாறவில்லை. வீதியில் நின்றால் சூரியன் பழைய இடத்தில்தான், கேற்றுக்குள் ஒரு அடி எடுத்து வைத்தால் நிழல் உங்களைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போய் விழும். முதல் கிழமை கொஞ்சப் பேருக்குத் தலைசுற்றியது. ஓட்டோக்காரர்கள் கேற்றடியில் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்துகொண்டு உள்ளே வரப் பழகினார்கள். மரக்கறி விற்கிறவர் வண்டியைக் கேற்றுக்கு வெளியே நிறுத்தி, நிழல் திரும்புகிற இடத்தில் நின்று பேரம் பேசினால் தராசு சாய்கிற மாதிரித் தெரிகிறது என்று குறைப்பட்டார். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து ஒரு நாள் முழுவதும் படம் பிடித்தார்கள், இரவுச் செய்தியில் போடுவோம் என்றார்கள், அன்றைக்குக் கிரிக்கெட்டில் நாடு தோற்றுப்போனதால் போடவில்லை. ஒரு திணைக்களத்திலிருந்து இரண்டு பேர் வந்து திசைகாட்டியை வைத்துப் பார்த்தார்கள். ஊசி பழைய வடக்கையே காட்டியது. ஊசி சரியாக இருப்பதால் தங்கள் பக்கம் குறை ஒன்றுமில்லை என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு வேறு கவலைகள். பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்டவர்களுக்கு, தொழுகைத் திசை மக்காவைப் பார்த்ததே தவிரச் சூரியனைப் பார்த்ததல்ல, பாயைத் திருப்பத் தேவையில்லை என்று சொல்லியனுப்பினார்கள். சாமிப்படத்தைக் கிழக்குப் பார்க்க வைத்திருந்தவர்கள்தான் பாடுபட்டார்கள், சிலர் படத்தைத் திருப்பினார்கள், சிலர் சாமிக்குத் தெரியாத கிழக்கா என்று விட்டுவிட்டார்கள். தைப்பொங்கலன்று முற்றத்தில் பானையை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது என்று பெரிய வாக்குவாதம் வந்து, கடைசியில் பொங்கல் சூரியனுக்கா திசைக்கா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் கால்வாயைப் பார்த்துப் பொங்கினார்கள். பால் வழக்கம்போலத்தான் வழிந்தது.

கால்வாய்ப் பக்கத்து வீடுகளில் ஒரு வாடை இருந்தது. பூஞ்சணமும், காயாத துணியும், ஈரச் சீமெந்தும் கலந்த வாடை. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அது போகாது. அந்த வீட்டுப் பெண்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீற்றில் இருக்கிறவர்கள் முகத்தை யன்னல் பக்கம் திருப்புவார்கள். ஜெசிந்தா ஒரு பெரிய துணிக்கடையில் வேலை செய்தாள், நல்ல சிரித்த முகம், மூன்று மொழியும் பேசுவாள். ஆனாலும் அவளை முன்கடையில் நிற்கவிடாமல் பின்னால் சாமான் அறையில் பெட்டி பிரிக்க விட்டிருந்தார்கள். காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளுக்கும் தெரிந்திருந்தது. வெயில் வந்த பிறகு அந்த வாடை முதலில் துணியை விட்டுப் போனது, பிறகு தலைமயிரை விட்டு, கடைசியாகச் சுவரை விட்டுப் போனது. மாசியில் அவளை முன்கடைக்கு எடுத்தார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து, காய்ந்த படுக்கை விரிப்பு ஒன்றைக் கம்பியிலிருந்து இழுத்து முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஆனால் சூரியன் ஒரு பக்கத்தால் வந்தால் மற்றப் பக்கத்தால்தானே போகவேண்டும். பின்னேரமானால் அது வீதிப் பக்கத்து வீடுகளுக்குள் முழு உடம்போடு நுழைந்தது. சுவர் சுட்டது, தண்ணீர்க் குழாய் சுட்டது, குழந்தைகளுக்கு வேர்க்குரு போட்டது. மூன்றாம் மாடியில் பரீனா யன்னலோரம் தையல் மெஷின் போட்டுக் கலியாணச் சட்டைகள் தைத்துப் பிழைத்தாள். அவள் மடித்து வைத்த துணிகள் மடிப்போடு வெளிறிப் போயின. மணப்பெண் ஒருத்தியின் கத்தரிப்பூ நிறப் பட்டு, ஒரு கை ஒரு நிறமும் மறுகை இன்னொரு நிறமுமாகப் போய், அந்தக் குடும்பம் இனி இந்தப் பக்கம் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனது. யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால் தைக்க வெளிச்சமில்லை, கழற்றினால் உள்ளே இருக்க முடியவில்லை. பள்ளிக்கூட முனையில் இருந்த வீட்டுக்காரர்கள் தங்கள் காலை வெயில் போய்விட்டது என்று தனியாக முணுமுணுத்தார்கள், அவர்கள் சிலபேர்தான் என்பதால் ஒருவரும் காது கொடுக்கவில்லை.

எல்லோரும் பார்க்கட்டும் என்று தன் தாளின் பிரதி ஒன்றை நிரோஜினி கீழே அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தாள். சூரியன் அந்தப் புள்ளிக்கோட்டில் அச்சுப் பிசகாமல் போவதை நாளடைவில் எல்லோரும் கவனித்தார்கள். வீதிப் பக்கத்து இளந்தாரிகள் ஒரு நாள் பலகைக் கண்ணாடியைத் திறந்து, அம்புக்குறியை அடித்துவிட்டுச் சரியான பக்கம் இன்னொன்று கீறினார்கள். அடுத்த நாள் சூரியன் கால்வாய்ப் பக்கத்தாலேயே வந்தது. அது பலகையைப் பார்ப்பதில்லை, அவள் பெயரெழுதிப் பல்கலைக்கழகத்தில் கொடுத்த தாளைத்தான் பார்க்கிறது என்பது தெளிவானது. அதற்குப் பிறகு மாடிப்படியில் அவளைக் கண்டவர்கள், கால்வாய்ப் பக்கமென்றால் சாப்பிட ஏதாவது தந்தார்கள், வீதிப் பக்கமென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு இரண்டும் ஒரேயளவு பாரமாக இருந்தது.

பங்குனியில் இறுதி நேர்முகம் நடந்தது. பரீட்சகர்கள் மூன்று பேரும் குளிரூட்டிய அறையில் யன்னலை மூடிவிட்டு இருந்தார்கள். நடுவில் இருந்தவர் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினார், படிகள் நன்று என்றார், குடியிருப்பாளர்களோடு பேசியிருப்பது நன்று என்றார். பிறகு பேனை முனையை அம்புக்குறியில் வைத்து, வடக்குப் பிழையாக இருக்கிறதே என்றார். அவள் அங்கே இப்போது சூரியன் அப்படித்தான் வருகிறது என்று சொல்லிப் பார்த்தாள். அவர் கோபிக்கவில்லை. அது தொடர்மாடியின் விஷயம், இது வரைபடத்தின் விஷயம் என்றார். அம்புக்குறியை மட்டும் திருத்தி இறுதிப் பிரதியைக் கட்டிக் கொடுத்தால் பரீட்சையில் சித்தி, இல்லையென்றால் இல்லை, ஒரு தடவை கொடுத்த இறுதிப் பிரதியில் பிறகு கைவைக்க முடியாது என்று முடித்தார்கள். அவளுடைய நிழல் தடுப்புகள், யன்னல் அளவுகள் எல்லாமே அந்தப் பிழையான வடக்கை நம்பித்தான் நிற்கின்றன என்பதை மூவரில் ஒருவரும் கவனிக்கவேயில்லை. அதுதான் அவளை இன்னும் களைக்கப் பண்ணியது.

அவளை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் அருள்நேசன் வெளியே வந்து தோளில் தட்டினார். நல்ல மனுசர், இரண்டு தடவையும் அவளுக்காக வாதாடினவர்.

“அம்புக்குறியைத் திருப்பும், பிள்ளை,” என்றார். “ஒரு நிமிச வேலை. இவ்வளவு காலம் இழுத்ததுக்கு ஒரு நிமிசம்.”

அவள் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒளிக்கத் தெரியாததால் தொடர்மாடிச் சங்கத் தலைவர் நவரட்ணத்திடம், அம்புக்குறியைத் திருப்பிக் கொடுத்தால் சூரியனும் பழையபடி திரும்பிவிடும் என்ற விஷயத்தைச் சொன்னாள், அவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார். கால்வாய்க்காரர்கள் ஒரு பக்கம், வீதிக்காரர்கள் ஒரு பக்கம். கால்வாய்க்காரர்களில் ஒருவர் எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுச் சளி இந்த நாலு மாதம்தான் இல்லை என்றார். வீதிக்காரர்களில் ஒருவர் அப்ப எங்கள் பிள்ளைகள் வேகட்டுமா என்றார். பரீனா எழும்பினாள், வெளிறின பட்டை மேசையில் விரித்து வைத்தாள்.

“நான் உங்களோட சண்டைக்கு வரல்ல,” என்றாள் நிரோஜினியைப் பார்த்து. “ஒருத்தருக்குக் குடுக்க இன்னொருத்தர்கிட்ட இருந்து எடுத்தீங்க. தெரியாம எடுத்தீங்க, சரி. இப்பத் தெரியும்தானே.”

ஜெசிந்தா கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போதுதான் சொன்னாள்.

“நீங்க பாஸ் பண்ணுங்க தங்கச்சி. எங்களுக்கு ஈரம் பழக்கம்தானே.”

அவள் அதை மனமாரத்தான் சொன்னாள். சொல்லும்போது கை தன்னையறியாமல் சட்டைக் கழுத்தை மூக்குக்கு இழுத்து மணந்து பார்த்தது. அதைக் கண்ட நிரோஜினி தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தாள். திருப்பத்தான் போகிறேன் என்று அதுவரை தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். களைப்பு அவ்வளவு. ஒரு பெயர் கிடைத்தால், ஒரு கையொப்பம் கிடைத்தால், அம்மாவுக்குச் சொல்ல ஒரு சொல் கிடைத்தால், பிறகு ஒரு வருசம் முழுக்க நித்திரை கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த நாள் அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் எப்போது உடுப்புத் தோய்ப்பீர்கள், எத்தனை மணிக்குள் காயவேண்டும் என்று கேட்டாள். மூன்றாம் மாடிக்கு ஏறிப் பரீனாவிடம் எப்போது தைப்பீர்கள், எப்போது குழந்தையைப் படுக்க வைப்பீர்கள் என்று கேட்டாள். பரீனா முதலில் கதவைப் பாதிதான் திறந்தாள், பிறகு முழுதாகத் திறந்து கதிரை போட்டாள். பள்ளிக்கூட முனையில் இருந்தவர்களையும் போய்க் கேட்டாள், அவர்களுக்குத் தங்களை ஒருவர் கேட்டதே பெரிய ஆச்சரியம். பிறகு அறைக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பழைய வடக்கில் வீதிப் பக்கம் தப்பும், கால்வாய்ப் பக்கம் ஊறும். பிழையான வடக்கில் கால்வாய்ப் பக்கம் தப்பும், வீதிப் பக்கம் வேகும். இரண்டுக்கும் நடுவே சரிவாக ஓர் அம்புக்குறி போட்டால் சூரியன் கால்வாயும் பள்ளிக்கூடமும் சந்திக்கிற மூலையால், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தால் வரும். கால்வாய் வீடுகளுக்குள் காலையில் சரிந்தபடி எட்டிப் பார்க்கும். பின்னேரம் எதிர் மூலையால் போகும்போது வீதி வீடுகளை நேருக்கு நேர் அடிக்காது, பக்கவாட்டில் தொட்டுக்கொண்டு போகும். ஒருவருக்கும் முழுதாகக் கிடைக்காது, ஒருவருக்கும் இல்லாமலும் போகாது. உலகத்தில் எந்தத் திசைகாட்டிக்கும் தெரியாத வடக்கு அது. யன்னல் மறைப்புகளையும் அதற்கேற்ற மாதிரி மாற்றி வரைந்தாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, பரீட்சகர் என்ன சொல்வார் என்று ஒரு தடவைகூட நினைக்காமல் வரைந்த தாள் அதுதான். வரைந்து முடித்தபோது களைப்பு அப்படியே இருந்தது.

அருள்நேசன் அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் வடக்கு தெரியாமல் விட்ட பிழை, அதற்கு மன்னிப்பு உண்டு. இது தெரிந்து விடுகிற பிழை, இதற்குத் தன்னால் வாதாட முடியாது என்றார். கொடுக்காதேயும் என்றும் கேட்டுப் பார்த்தார். அவள் கொடுத்தாள். பெறுபேறு எல்லோரும் எதிர்பார்த்தபடியே வந்தது. இனி அந்தப் படிப்பும் இல்லை, அதன் முடிவில் இருந்த பெயரும் இல்லை. அவள் பருத்தித்துறைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். மறுமுனையில் அம்மா, சாப்பிட்டியா என்று கேட்டாள். அன்றைக்கு நிரோஜினி நன்றாக அழுதாள், கட்டிலில் குப்புறப் படுத்து, ஜெசிந்தாவுக்குக் கேட்டுவிடும் என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதாள்.

பிரதி கொடுத்த மறுநாளிலிருந்து சூரியன் தண்ணீர்த் தாங்கிப் பக்கத்தால் வரத் தொடங்கியிருந்தது. ஊர் அதற்கும் இரண்டு நாளில் பழகிவிட்டது. சாமிப்படங்கள் மறுபடி கொஞ்சம் திரும்பின, ஓட்டோக்காரர்கள் கேற்றடியில் கண்ணை மூடும் நேரம் குறைந்தது. பட்டுத்துணி மடிப்பில் வெளிறுவது நின்றது. ஜெசிந்தாவின் உடுப்புகள் முன்போல வேளைக்குக் காயவில்லை, ஆனாலும் காய்ந்தன, அவளைச் சாமான் அறைக்குத் திருப்பி அனுப்பவில்லை. நிரோஜினியிடம் வந்து நன்றி என்று சொன்னவர் ஒருவருமில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. பெரியவரின் அலுவலகத்தில் அவளுடைய மேசை மட்டும் யன்னலோரத்திலிருந்து உள்ளே தள்ளிப் போடப்பட்டிருந்தது.

சித்திரை பிறந்து ஒரு சனிக்கிழமை பின்னேரம், கதவைப் படபடவென்று தட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கத்து இரண்டாம் மாடிக்காரர் வந்து நின்றார். மழை நாளில் தன் வீட்டு உடுப்பு மத்தியானம் வரை காய்வதில்லை என்றார். அவர் பேசி முடிக்க முன்னமே, கையில் ஊசிநூலோடு பரீனாவும் படியிறங்கி வந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து முறைத்தார்கள். நிரோஜினி பழக்கத்தில் எழும்பிச் சுவரோரம் நகர்ந்து, யாரோ வந்து பதில் சொல்லட்டும் என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவருமில்லை.

“பின்னேரத்தில ஒரு துண்டு வெயில் சரியா என் மெஷின் ஊசியில விழுது, கண் கூசுது, நூல் கோர்க்க ஏலாது,” என்றாள் பரீனா. “நாங்க யார்கிட்டப் போய்ச் சொல்ற? நீங்கதானே எங்கட ஆக்கிடெக்ட்?”

நிரோஜினி, தான் அது இல்லை, அந்தப் பெயரை இனி ஒருவரும் தனக்குத் தரமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர்கள் இருவரும் குறை சொல்லிவிட்டு, அவள் முகத்தையே பார்த்தபடி பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

“எத்தினை மணிக்கு விழுது?” என்று கேட்டாள் நிரோஜினி. கேட்டுவிட்டு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, பரீனாவுக்குப் பின்னால் மூன்றாம் மாடிக்கு மெல்ல மெல்ல ஏறினாள்.